காது கொடையுற கம்பியும் ஒத்தப் பனையேறியும்

மேலநெடுங்கரைக் கம்மா ஒறஞ்சுபோன வருசம், கத்திரி வெயிலு மண்டையப் பொளந்துக்கிட்டிருந்த சித்திரைக் கடைசியில, ஊரே மீன்பிடிக்குன்னு ஊத்தாக்கூடையும் பழைய கொசுவலையுமாக் கரையில வந்து நின்ன காலையில, வழக்கப்படி மொதக் காலைக் கம்மாக்குள்ள வச்ச ஊர்ப் பெரியவரு ஒய்யணன் அம்பலம் வழுக்கி விழுந்து, உக்காந்த வாக்குலயே சர்ருன்னு நடுக்கம்மா வரைக்கும் போயி நின்னாரு. போன வேகத்துல செருப்பு ஒரு பக்கமும் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கமும் போச்சே தவிர, கையில தூக்கிப் பிடிச்சிருந்த வெள்ளைத் துண்டு மட்டும் எறங்கவே இல்ல. துண்டு ஏறுனா மீன்பிடி ஆரம்பம், எறங்குனா முடிவு. ஊருல எல்லா வீட்டுச் சட்டியிலயும் கம்மா மீனு கொதிச்ச பெறகுதான் துண்டு எறங்கணும், இல்லாட்டி அய்யனாரு மழையப் பூட்டி சாவிய மடியில சொருகிக்கிருவாரு.

"அதாவது," ன்னாரு அம்பலம், நடுக்கம்மாயில உக்காந்துக்கிட்டே. பொண்டாட்டிகிட்டத் தண்ணி கேக்குறதுன்னாலும் அவரு 'அதாவது' போட்டுத்தான் கேப்பாரு. "அதாவது, தண்ணி கெட்டியா இருக்கு."

சனம் குனிஞ்சு தொட்டுப் பாத்துச்சு. கெட்டியாத்தான் இருந்துச்சு. கரை மேல வெயிலு கொதிக்குது, கரைக்குக் கீழ கம்மா முழுக்க கண்ணாடி போட்டாப்புல ஒரு சாண் ஐஸு, கண்ணாடிக்குக் கீழ மீனுங்க மெதுவாப் போறதும் வாறதும், மேல நிக்கிறவுகள ஒரக்கண்ணால பாக்குறதுமா இருந்துச்சுங்க. ஏன் ஒறஞ்சுச்சுன்னு யாரும் ரொம்ப நேரம் யோசிக்கல, ஏன்னா யோசிக்கிறதுக்கு அது யாரு வீட்டு வேலை? அன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள டீக்கடைக்காரரு கம்மாயக் கொத்தி சர்பத்துல போட ஆரம்பிச்சுட்டாரு, சைக்கிள்ல குச்சி ஐஸு விக்க வந்தவரு கம்மாயப் பாத்துட்டு ஒரு வார்த்தை பேசாம வண்டியத் திருப்பிட்டாரு, எருமைங்க படுக்க எடமில்லாம கரையிலயே நின்னு மொறச்சுதுங்க, கோயில் சாமியாடிய அழைச்சு வந்து நடுக்கம்மாயில நிறுத்திக் குறி கேட்டா, அவருக்கு ஒடம்பு நடுங்குது, பல்லு தந்தியடிக்குது, அது சாமியா குளுரான்னு அவருக்கே தெரியல. டவுனுலருந்து ஜீப்புல ஒருத்தரு வந்தாரு, தொட்டாரு, விரல ஒதறுனாரு, "ஐஸு" ன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. அதோட அது ஊருக்குப் பழகிப்போச்சு. மண்டையில வெயிலு, பாதத்துல பனி, ரெண்டுக்கும் நடுவுல மனுசன்.

இதுல ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் நெஞ்சுக்குள்ள ஐஸு எறங்குச்சு. அது கெழக்குத் தெரு குருவம்மா. அவளுக்கு அந்தக் கம்மா மீனு ஒண்ணு வேணும். தின்னுறதுக்கில்ல, தங்கச்சிகிட்டப் பேசுறதுக்கு.

மேலநெடுங்கரையில ஒருத்தருக்கொருத்தரு பேச்சு அத்துப்போச்சுன்னா, அதச் சேத்துவைக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. மீன்பிடி அன்னைக்குக் கம்மாயில தங் கையால பிடிச்ச மீனக் குழம்பு வச்சு, சட்டியோட அந்த வீட்டுக்குக் குடுத்துவிடணும். அவுக ஒரு வாய் தின்னுட்டா பேச்சு சேந்துருச்சு. சந்தை மீனு செல்லாது, கறி செல்லாது, காலுல விழுகுறதும் செல்லாது. ஒருத்தரு அவசரப்பட்டுச் சமாதானத்துக்குப் பிராய்லர் கோழி குடுத்துவிட்டு, அந்தக் கோழியாலயே பேரன் காலம் வரைக்கும் பகையாப் போன கதையும் அங்க உண்டு.

குருவம்மாவுக்கும் அவ தங்கச்சி சீனியம்மாவுக்கும் வீடு ஒட்டு வீடு, நடுவுல இடுப்பொசரத்துக்கு ஒரு குட்டிச்செவுரு. ஆனா அவுக ஆத்தா செத்த அன்னைக்கு அத்த பேச்சு அத்தது தான். கெழவிய நடுவீட்டுல கெடத்தியிருக்கு, பொம்பளைக சுத்தி உக்காந்து மாரடிக்கிறாக, குருவம்மா துக்கம் தாங்காம தலைய விரிச்சுப்போட்டு ஒப்பாரி எடுத்தா:

"மருமகளா வந்தவள மகளாட்டம் வச்சீகளே,
மஞ்சளும் பூவுமா மனங்குளிரத் தந்தீகளே..."

பக்கத்துல அழுதுக்கிட்டிருந்த சீனியம்மா சட்டுன்னு அழுகைய நிறுத்தி, மூக்கச் சிந்தி, "யக்கா, அது மாமியாளுக்குப் பாடுற பாட்டு" ன்னுட்டா. மெதுவாத்தான் சொன்னா. ஆனா எழவு வீட்டுல சரியா எல்லாரும் மூச்சு வாங்குற நேரம் பாத்துச் சொன்னா. மாரடிச்சுக்கிட்டிருந்த கூட்டத்துல ஒருத்தி 'களுக்' குனு சிரிச்சா, அப்புறம் இன்னொருத்தி, அப்புறம் பொணத்தத் தவிர எல்லாரும். குருவம்மா தலைய முடிஞ்சா, எந்திரிச்சா, அன்னையிலருந்து தங்கச்சி மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை பேசல.

பேசலேன்னா பேசாம இருந்தாகன்னு இல்ல. ஆத்தா விட்டுட்டுப் போன ஆடு ஒண்ணு ரெண்டு வீட்டுக்கும் பொதுவாத் திரிஞ்சுச்சு. எந்தக் காகிதத்தக் கண்டாலும் மென்னு முழுங்கிட்டு ஒண்ணும் நடக்காத மாதிரி பாக்கும், அதனால அதுக்குத் தாசில்தாருன்னு பேரு. எல்லாப் பேச்சும் தாசில்தாரு வழியாத்தான்.

"ஏ தாசில்தாரு, குழாயில தண்ணி வருதுன்னு ஒன் சின்னாத்தாகிட்டச் சொல்லு."

"ஏ தாசில்தாரு, எனக்கும் கண்ணு இருக்குன்னு ஒன் பெரியாத்தாகிட்டச் சொல்லு."

ஆத்தா போனதுலருந்து கம்மா வறண்டு கெடந்துச்சு. மீன்பிடியே இல்ல, குழம்பு குடுத்துவிட வழியும் இல்ல. இந்த வருசந்தான் தண்ணி நின்னுச்சு. இந்த வருசந்தான் சீனியம்மா வீட்ட வித்துட்டு மகனோட திருப்பூருக்குப் போறா, வைகாசி பொறந்ததும் லாரி வருது. பேச்சு சேராம அவ லாரியில ஏறிட்டா அப்புறம் ஆடு அனுப்பியா பேச முடியும்? "குழம்பு போகணும்" ன்னு குருவம்மா தனக்குத்தானே சொல்லிக்கிட்டா. "ஐஸாவது கல்லாவது. குழம்பு போகணும்."

அம்பலம் ஒரு ஏற்பாடு பண்ணுனாரு. "அதாவது, வீட்டுக்கு ஒரு குழி. தெருவுல வீடு இருக்கிற வரிசையிலேயே குழி." ஆம்பளைக கடப்பாரையால குத்திக் குத்திச் சட்டி வாயளவுக்குக் குழி போட்டாக. ஒட்டு வீடுங்கிறதால அக்கா தங்கச்சிக்கு ஒட்டுக் குழி. சனம் ஐஸு மேல வரட்டிய அடுக்கி, அதுக்கு மேல சாக்க விரிச்சு, தலையில முக்காடும் கையில தூண்டிலுமா உக்காந்துச்சு.

மொத நாளு ஒருத்தருக்கும் ஒரு மீனு இல்ல. எல்லாரும் வீட்டுல இருந்த பழைய மூங்கித் தூண்டிலத் தூக்கிட்டு வந்துட்டாக, ஒவ்வொண்ணும் பனைமரத்துக்குப் பாதி. காலுக்குக் கீழ இருக்கிற குழியில தூண்டில் நரம்ப விடுறதுக்கு, கம்ப நெட்டுக்குத்தலா வானத்தப் பாக்கப் பிடிச்சுக்கிட்டு நின்னாக. தூரத்துலருந்து பாக்குறவுகளுக்கு ஊரே கொடியேத்திக்கிட்டு நிக்கிற மாதிரி இருந்துச்சு. ஆனா குளுருல மீனுக்கெல்லாம் மதமதப்பு ஏறிப்போச்சு. முன்னப்போல லபக்குன்னு கவ்வி இழுக்கல. வாய லேசாத் தொறந்து, புழுவ ஒரு உறிஞ்சு உறிஞ்சி, முள்ளத் துப்பிட்டு, மொய் வைக்காமச் சாப்புட்டுப் போறவன் மாதிரி பந்தியிலருந்து நைசா நழுவிருச்சுங்க. கண்ணாடி வழியாப் பாத்தாத் தெரியுது, ஆனா மேல மூங்கிக்கம்பு ஆட மாட்டேங்குது. அது தொட்டத, இது சொல்லல.

"மீனுக்குப் பசி இல்லப்பா" ன்னாக சில பேரு.

"மீனுக்குப் பசி இருக்கு" ன்னா குருவம்மா. "கம்புக்குத்தான் காது இல்ல."

அவ சொன்னா அதுல வெவரம் இருக்கும். செவுத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு, அந்தப் பக்கம் கரண்டி சட்டியில இடிக்கிற சத்தத்த வச்சே புளிக்குழம்பா பருப்பான்னு சொல்லுவா. தங்கச்சிக்குத் தலைவலியா, மகன் போன் பண்ணுனானா, ராத்திரி சாப்புட்டாளா இல்லையா, அத்தனையும் செவுரு அவளுக்குச் சொல்லிரும்.

மறுநாளே சேதி கேட்டு வந்துட்டாரு சந்தையில கொடை ரிப்பேரு பாக்குற அழகுமலை. கரை மேல வேப்பமரத்தடியில சாக்க விரிச்சு, கொடைக்கம்பி, சைக்கிள் சக்கரத்துப் போக்சுக்கம்பி, டிவி ஆன்டனா, ரேடியோவுல இழுத்து நீட்டுற ஏரியலு, ஈர்க்குமாத்துக் குச்சின்னு அத்தனையிலயும் ஒரு மொழம் வெட்டி, நரம்பு கட்டி, துவரம்பருப்புக் கணக்கா ஈயத்த உருக்கி ஒட்டுன முள்ளையும் மாட்டி, வரிசையா அடுக்கிட்டாரு.

"வாங்க வாங்க, குளுருத் தூண்டிலு! இந்தா பாருங்க, இது மலேசியாக் கொடையோட கம்பி, அங்க மேகம் கறுத்தா இங்க நடுங்கும்! இது ஆன்டனா, மெட்ராசுல பேசுறதே இதுல கேக்கும், மீனு பேசுறதா கேக்காது?"

சனம் அள்ளிக்கிட்டுப் போச்சு. அதுல சில பேருக்கு மீனும் மாட்டுச்சு. மாட்டுன வீட்டுல குழம்பு வாசம் கெளம்பிருச்சு. குருவம்மா மட்டும் சாக்குக்கு முன்னால குத்தவச்சு உக்காந்து, மாப்புள்ள பாக்குற மாதிரி ஒவ்வொரு கம்பா எடுத்துப் பாத்தா. வேரடியிலருந்து ஒரு கட்டெறும்பப் பிடிச்சு, தொங்குற நரம்புல ஏத்திவிட்டா, கண்ண மூடிக்கிட்டா.

"என்ன மதினி, தூக்கமா?"

"பேசாத. எறும்பு ஏறுதா எறங்குதான்னு எங் கை சொல்லணும்."

சைக்கிள் போக்சப் பிடிச்சா, கொஞ்ச நேரத்துல கீழ வச்சா. "இதுல யானை ஏறுனாலும் தெரியாது." ஆன்டனாவப் பிடிச்சா. "இது எறும்பு ஏறுறதுக்கு முன்னாடியே ஆடுது. பயந்தாங்கொள்ளி. இத நம்பி இழுத்தா காத்தத்தான் கொழம்பு வைக்கணும்." ஈர்க்குக் குச்சி வளைஞ்ச பக்கமே வளைஞ்சு நின்னுக்கிச்சு. "இது யாரு என்ன சொன்னாலும் ஆமாங்கும்." மலேசியாக் கொடைக்கம்பிய மட்டும் ரெண்டு தடவை எடுத்துப் பாத்தா. "முதுகு நல்லாருக்கு. வெறப்பா நிக்குது. நுனிதான் மரக்கட்டை."

"அப்ப ஒங்களுக்கு என்னதான் மதினி வேணும்?" அழகுமலைக்கு எரிச்சல் ஏறிருச்சு. "முதுகு வெறப்பாவும் இருக்கணும், நுனி பதறவும் செய்யணும்னா, அது கம்பா, இல்ல புதுப்பொண்ணா?"

"ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் கம்பு. வெறும் வெறப்பு செவுடு. வெறும் பதட்டம் பொய்யி. நீ தேடு, நான் உக்காந்திருக்கேன்."

பொழுது ஏறுச்சு. அவ நகரல. அழகுமலைக்குச் சோலி இல்லாம, மடியிலருந்து தன்னோட காது கொடையுற கம்பிய எடுத்தாரு. பித்தளைக் கம்பி, பூனை மீசை கணக்கா மெலிசாத் தட்டி, நுனியில எள்ளளவுக்கு ஒரு கரண்டி. அத வலது காதுக்குள்ள விட்டாரு, தலையச் சாச்சாரு, கண்ணு தன்னால சொருகுச்சு, வாயி தன்னால தொறந்துச்சு. "ஹாஆஆ..." ன்னாரு, அய்யனாரு நேருல வந்த மாதிரி.

குருவம்மா எந்திரிச்சுட்டா. "அதக் குடு."

"எத?"

"காதுல இருக்கிறத."

"மதினி, இது கடைச் சரக்கில்ல, ஏங் காதுச் சரக்கு!"

"செவிப்பறைக்கு ஒரு நெல்லு மொன தள்ளி அத விட்டுட்டு, கண்ணையும் மூடிக்கிட்டு நிக்கிற. அங்க என்ன இருக்கு, எம்புட்டு இருக்கு, எங்க நிக்கணும், அம்புட்டும் அது ஒனக்குச் சொல்லுதா இல்லையா? பொய் சொல்ற கம்பியா இருந்தா நீ இந்நேரம் செவுடு. குடு."

"இது வலது காதுக்கு உள்ளது மதினி. எடது காதுக்கு வேற ஒண்ணு வச்சிருக்கேன். ஒண்ண இன்னொண்ணுல விட்டா ஒத்துக்கிறாது. நான் வலது காதுக்கு என்ன பண்ணுவேன்?"

"மீனு மாட்டுனா ஒனக்கு ஒரு கிண்ணம் கொழம்பு. அது வரைக்கும் எடது காத மட்டும் கொடைஞ்சுக்க."

புளியும் சாம்பலும் போட்டு அத மூணு வாட்டி வெளக்கி எடுத்தா. கொடைக்கம்பிய முதுகா வச்சு, அது நுனியில பித்தளைய நூலு சுத்தி எறுக்கி, அடியில உடைஞ்ச அகப்பையோட காம்பக் கைப்பிடியா மாட்டுனா. முழங்கை நீளந்தான். எறும்பத் திரும்ப ஏத்துனா, கண்ண மூடுனா.

"ஏறுது... நின்னுருச்சு... மீசையத் தேய்க்குது."

அழகுமலை குனிஞ்சு பாத்தாரு. எறும்பு நரம்புல நின்னு மீசையத் தேய்ச்சுக்கிட்டிருந்துச்சு.

குருவம்மா குழிக்கு வந்து உக்காந்து, நரம்ப எறக்கி, தொட்டில்ல தூங்குற பிள்ளைய முழிக்காம ஆட்டுற மாதிரி மணிக்கட்ட மட்டும் ஆட்ட ஆரம்பிச்சா. அன்னைக்கு அவ கம்பு அவளுக்குக் கம்மாயில நடக்குற அத்தனையும் சொல்லுச்சு, அடியில சேறு எங்க மெத்துன்னு இருக்கு, கெளுத்தி மீசை எங்க உரசிட்டுப் போவுது, அயிரை எங்க கூட்டமா மோந்து பாக்குது, எல்லாம். ஆனா முள்ளக் கவ்வுறதுக்கு மீனு இல்ல. அவ கம்பு தேடுன நேரத்துல கவ்வுற மீனெல்லாம் மத்த குழி வழியா ஏறிப் போயிருச்சு. ஒவ்வொரு வீடாக் குழம்பு வச்சு, ஒவ்வொரு குழியாக் காலியாகி, கடைசியில ரெண்டே ரெண்டு வீட்டுச் சட்டிதான் வெறுஞ்சட்டி.

ரெண்டாவது வீடு சீனியம்மா வீடு. ஏன்னா அவளும் கம்பு எடுக்கல. அக்கா எத எடுக்குறான்னு பாத்துட்டு அப்புறம் எடுக்குறது அவளுக்குப் பொறந்ததுலருந்து பழக்கம், வளையலானாலும் பாவாடைத் துணியானாலும். அக்கா காதுக்கம்பியோட போறதப் பாத்ததும் அழகுமலை முன்னால போயி நின்னா.

"எங்க அதோட சோடி?"

"எது?"

"எடது காதுது."

இப்ப அழகுமலைக்கு ரெண்டு காதும் அரிக்க, மரத்துல தலையச் சாச்சுக்கிட்டு நின்னாரு. அம்பலத்துக்குக் கை ஓஞ்சுபோயி, துண்ட ஒரு மூங்கித் தூண்டில்ல கட்டி அந்தக் கம்பத் தோளுல சாச்சுக்கிட்டாரு. வெயிலு ஏறிக்கிட்டே போச்சு. ஐஸு முனக ஆரம்பிச்சுச்சு, பழைய கட்டில்ல பெரிய மனுசன் பொரண்டு படுக்குற மாதிரி.

"அதாவது, கம்மா ஒடையப் போவுது. ரெண்டு வீட்டுக்காகவும் ஊரு மழை நிக்குது. சீக்கிரம்" ன்னாரு அம்பலம்.

அக்காளும் தங்கச்சியும் ரெண்டு குழியில, கை நீட்டுனாத் தொடுற தூரத்துல, ஒருத்திய ஒருத்தி பாக்காம உக்காந்திருந்தாக. நடுவுல தாசில்தாரு, நாலு காலையும் ஒரே வரட்டி மேல வச்சுக்கிட்டு நின்னுச்சு. ஊரே கரையில.

அப்ப வந்துச்சு ஒத்தப் பனையேறி. கம்மாயில மிச்சம் இருந்த கடைசிப் பெரிய மீனு, உள்ளங்கையகலம், முதுகுல முள்ளு, செவுள ஊணி மரமே ஏறுற சாதி. எல்லாருக்கும் கண்ணாடி வழியாத் தெரிஞ்சுச்சு. குருவம்மா புழுவப் பாத்துச்சு, சீனியம்மா புழுவப் பாத்துச்சு, கலியாண வீட்டு எலையில ரெண்டு பாயாசத்தக் கண்டவன் மாதிரி யோசிச்சுச்சு, மொதல்ல இத உறிஞ்சி, துப்புறதுக்குள்ள அதையும் உறிஞ்சிருச்சு. ரெண்டு பித்தளை நுனியும் ஒரே நேரத்துல மூச்சு விட்ட மாதிரி அசைஞ்சுது. மூங்கிலா இருந்தாத் தெரிஞ்சே இருக்காது. ரெண்டு மணிக்கட்டும் ஒரே நேரத்துல சுண்டுச்சு.

மீனு மாட்டிருச்சு. எந்தக் குழிக்கும் வரல. அக்கா இந்தப் பக்கம் இழுக்க, தங்கச்சி அந்தப் பக்கம் இழுக்க, ரெண்டு குழிக்கும் நடுவுல ஐஸுக்குக் கீழ, கொடியில காயப்போட்ட துணி மாதிரி தொங்குச்சு.

"ஏ தாசில்தாரு," ன்னா குருவம்மா, பல்லக் கடிச்சுக்கிட்டு, "நரம்ப விடச் சொல்லு ஒன் சின்னாத்தாள."

"ஏ தாசில்தாரு, மொதல்ல மாட்டுனது ஏம் முள்ளுலன்னு சொல்லு ஒன் பெரியாத்தாகிட்ட."

"ஏ தாசில்தாரு, அவளுக்கு எதுவுமே எனக்கு அப்புறந்தான்னு சொல்லு. பொறந்ததே எனக்கு அப்புறந்தான்!"

தாசில்தாரு ரெண்டு பேரையும் பாத்துச்சு. அதுக்குக் கால் வெறச்சுப்போச்சு. கரையில யாரோ ஒரு கலியாணப் பத்திரிகைய விசிறியாக்கி வீசிக்கிட்டிருந்தாக. தாசில்தாரு மெதுவாத் திரும்பி, வழுக்கி வழுக்கி நடந்து, அதத் திங்கப் போயிருச்சு.

இப்ப நடுவுல யாரும் இல்ல. குருவம்மா கம்பக் கெட்டியாப் பிடிச்சிருந்தா. விட மாட்டா. இந்த மீனு போனாக் குழம்பு போச்சு, குழம்பு போனாத் தங்கச்சி போனா. மீனு ஒரு ஒதறு ஒதறி ஓஞ்சு நின்னுச்சு. ஆனா கம்பு நிக்கல. மீனுக்கு அந்தப் பக்கம் நரம்பு வழியா இன்னொரு நடுக்கம் வந்துச்சு, பொடி நடுக்கம், விட்டு விட்டு. காதுக்கம்பி அதையும் கொண்டாந்து அவ மணிக்கட்டுல வச்சுச்சு. அந்த நடுக்கத்த அவளுக்குத் தெரியும். மார்கழியில ஒத்தப் போர்வைக்குள்ள ரெண்டு பேரும் படுத்திருக்கையில, போர்வைய இவ இழுத்துக்கிட்டா, முதுகுப் பக்கமாருந்து வரும்.

"அடியே சீனி," ன்னா குருவம்மா. ஆட்டப் பாத்து இல்ல. "கை வெறைக்குதாடி?"

கரையில ஒருத்தரு கையிலருந்த டீக்கிளாசக் கீழ போட்டுட்டாரு.

சீனியம்மா தலை நிமிரல. "இல்ல" ன்னா. "மீனு துடிக்குது."

"மீனு துடிக்கிறது எனக்குத் தெரியும். இது மீனில்ல."

சொல்லிட்டு, குருவம்மா மணிக்கட்டத் தளத்துனா. அவ நரம்பு தொய்ஞ்சுச்சு. பனையேறி ஐஸுக்கு அடியில வழுக்கிக்கிட்டுப் போயி, சீனியம்மா குழி வழியா மேல வந்து விழுந்து, ரெண்டு முள்ளையும் வாயில கோத்துக்கிட்டு, செவுள ஊணி ஊணி ஐஸு மேல நடக்க ஆரம்பிச்சுச்சு. சீனியம்மா முந்தானையப் போட்டு அமுக்குனா.

"எங் குழியில ஏறுனது. எம் மீனு" ன்னா சீனியம்மா. "நாந்தான் கொழம்பு வச்சு ஒனக்குக் குடுத்துவிடுவேன்."

"நான் விடலேன்னா அது எப்படிடி ஏறும்? எம் மீனு. நாந்தான் ஒனக்குக் குடுத்துவிடுவேன்."

"நான் இங்க எதுக்குக்கா உக்காந்திருந்தேன்? ஏஞ் சட்டிக்கா? ஒனக்குக் குடுத்துவிடத்தான்."

"ஒனக்கு முன்னாடியே நான் நெனச்சுட்டேன்!"

"அதுலயும் ஒனக்குத்தான் மொதலா?"

அம்பலம் கம்பத் தரையில ஊணுனாரு. "அதாவது, ஒரு மீனு, ரெண்டு வீடு, அப்ப துண்ட எப்படி எறக்குறது?" ன்னு அவரு கேட்டு முடிக்கல, ஐஸு நடுக்கம்மாயில ஒரு கோடு கிழிச்சுச்சு. அம்புட்டு சனமும் மீனோட, கம்போட, ஆட்டோட கரைக்கு ஓடுச்சு. அப்ப ஓடுன ஓட்டத்துலயும் அக்காளும் தங்கச்சியும் சண்டைய நிறுத்தல.

அடுப்ப எந்த வீட்டுல கூட்டுனாலும் இன்னொரு வீடு வெறும் வீடு. அதனால குட்டிச்செவுரு மேலயே மூணு கல்ல வச்சாக. இந்தப் பக்கம் குருவம்மா விறகு தள்ள, அந்தப் பக்கம் சீனியம்மா மசால கரைச்சு ஊத்த, ஒத்தச் சட்டியில ஒத்த மீனு கொதிச்சு வாசம் ரெண்டு வீட்டுக்குள்ளயும் போச்சு. அழகுமலை கிண்ணத்தோட வாசல்ல வந்து உக்காந்து, ரெண்டு காதையும் விரலால தேய்ச்சுக்கிட்டாரு. லாரி வரத்தான் போவுது, சீனியம்மா போகத்தான் போறா, அது ரெண்டு பேருக்கும் தெரியும். அதப் பத்தி ஒருத்தியும் பேசல.

"ஏண்டி," ன்னா குருவம்மா, பொகையில கண்ணச் சுருக்கிக்கிட்டு. "அன்னைக்கே கேக்கணும்னு இருந்தேன். ஆத்தாளுக்குன்னு உள்ள பாட்டு எதுடி? நான் என்ன பாடியிருக்கணும்?"

"அதுவா..." சீனியம்மா கரண்டியச் சட்டி மேல வச்சா. தொண்டையச் செருமுனா. முந்தானையால வாயத் தொடச்சா. கண்ண மூடி, ராகத்த இழுத்தா:

"மருமகளா வந்தவள மகளாட்டம் வச்சீகளே..."

நிறுத்திட்டா. தலைய ஆட்டிட்டு, திரும்ப ஆரம்பிச்சா. திரும்பவும் அதே மருமகதான் வந்தா.

குருவம்மா அவளையே பாத்தா. அவுக அப்பத்தா செத்த அன்னைக்கு அவுக ஆத்தா நெஞ்சடிச்சுப் பாடுனது அது. சின்னப்புள்ளைக ரெண்டும் அரிசி மூட்டைக்குப் பின்னால கையக் கோத்துக்கிட்டு நின்னு கேட்டது. ஆத்தா வாயிலருந்து அவுக கேட்ட ஒரே பாட்டும் அது தான்.

"யக்கா," ன்னா சீனியம்மா. "ஆத்தா நமக்குக் குடுத்துட்டுப் போனது அது ஒண்ணுதான்க்கா."

அன்னைக்கு எழவு வீட்டுல சிரிச்ச சிரிப்பு, அம்புட்டு வருசங்கழிச்சு இப்பத்தான் குருவம்மாவுக்கு வந்துச்சு. சிரிச்சா, சிரிப்பு பாதியில அழுகையாச்சு, அழுகை பாட்டாச்சு, செவுத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்னு ரெண்டு பேரும் மாமியாளுக்குள்ள பாட்ட ஆத்தாளுக்குக் கடைசி வரி வரைக்கும் பாடுனாக. கரையில அம்பலம் மூக்க உறிஞ்சி வாசம் பாத்தாரு, இந்த வீடு, அந்த வீடு, ரெண்டு வாசமும் சரி. துண்டு எறங்குச்சு. எறங்குன துண்டு மேலயே மொதச் சொட்டு விழுந்துச்சு.

மழையில நனைஞ்சுக்கிட்டு, வாயில பத்திரிகைத் துண்டோட தாசில்தாரு வந்து செவுத்தோரமா நின்னுச்சு. குருவம்மா அகப்பையால ஒரு துளி குழம்ப உள்ளங்கையில விட்டு நக்கிப் பாத்தா. பழக்க தோசத்துல ஆட்டுப் பக்கம் திரும்புனா.

"ஏ தாசில்தாரு, ஒன் சின்னாத்தாகிட்டச் சொல்லு..."

"நேராச் சொல்லுக்கா" ன்னா சீனியம்மா.

"உப்புப் பத்தலடி" ன்னா குருவம்மா.